பல்லைத் தாங்கும் ஈறு

மாணவர்களே, பல் துலக்கி வாய் கொப்பளித்துத் துப்பும் நீரில் இளஞ்சிவப்பு நிறம் கலந்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். “அழுத்தித் துலக்கிவிட்டேன் போலும்” என்று எண்ணிக் குழாயைத் திறந்துவிட்டால், நீரோடு அந்த நிறமும் போய்விடும். வலி இல்லை, எனவே, கவலையும் இல்லை. ஆனால், நலமான ஈற்றில் பல் துலக்குவதால் மட்டும் இரத்தம் கசியாது. அந்தச் சிறிய கசிவு, ஈறு நமக்கு அனுப்பும் முதல் செய்தியாகும்.

அச்செய்தியைப் பலர் படிப்பதில்லை என்பதை நம் நாட்டுப் புள்ளிவிவரமே காட்டுகிறது. மலேசியச் சுகாதார அமைச்சு 2010ஆம் ஆண்டு பெரியவர்களிடையே தேசிய வாய்ச்சுகாதார ஆய்வை நடத்தியது. பற்கள் உள்ள பெரியவர்களில் ஏறத்தாழ 94 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு வகை ஈறு பாதிப்பு இருந்தது. 18 விழுக்காட்டினருக்கு அப்பாதிப்பு கடுமையான நிலையை எட்டியிருந்தது. உலக அளவில் 100 கோடிக்கும் மேற்பட்டோர் கடுமையான ஈறு நோயால் பாதிக்கப்பட்டுள்ளதாக உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இவ்வளவு பரவலான நோய், பெருமளவு தடுக்கக்கூடியது என்பதே நாம் அறிய வேண்டிய உண்மை.

ஈற்றின் பணி

பல்லின் மூன்று பகுதிகளை அறிவியல் பாடத்தில் கற்றிருப்பீர்கள். வெளியே தெரிவது தலைப்பகுதி. அதற்குக் கீழே கழுத்துப்பகுதி. தாடை எலும்பினுள் பதிந்திருப்பது வேர். வேர் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. மிக நுண்ணிய இழைகள் வேரையும் எலும்பையும் பிணைத்து நிற்கின்றன. கடினமான முறுக்கைக் கடிக்கும்போது பல்லில் ஏற்படும் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்பவை இந்த இழைகளே. ஈறு இவை அனைத்தையும் மூடிப் பல்லின் கழுத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. வாயிலுள்ள கிருமிகள் எலும்பை நெருங்காதபடி காக்கும் வேலி ஈறுதான்.

நலமான ஈறு உறுதியாக இருக்கும். பற்களுக்கு இடையே கூர்மையாக ஏறி நிற்கும். அதன் நிறம் பொதுவாக இளஞ்சிவப்பாக இருக்கும். மாநிறத்தவர் பலரின் ஈறுகளில் இயல்பாகவே கருமையோ பழுப்போ கலந்திருக்கும். அது நோயன்று. ஆகவே, நிறத்தை மட்டும் கண்டு முடிவுக்கு வராமல், வீக்கம் உண்டா, இரத்தம் கசிகிறதா என்பவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஈற்றின் விளிம்புக்கும் பல்லுக்கும் இடையில் ஒரு சிறு பள்ளம் உண்டு. நலமான நிலையில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். ஈறு நோயின் கதை இந்தப் பள்ளத்தில்தான் தொடங்குகிறது.

நோய் உருவாகும் விதம்

பல்லைத் துலக்கிய சில மணி நேரத்திற்குள் அதன்மேல் கிருமிகள் குடியேறத் தொடங்குகின்றன. அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மெல்லிய படலமாகப் படர்கின்றன. இதைப் பற்படலம் என்பர். காலையில் எழுந்ததும் நாவினால் தடவிப் பார்த்தால் பற்கள் வழவழப்பின்றிப் பிசுபிசுப்பாக இருப்பது இதனால்தான்.

இப்படலத்தை உருப்பெருக்கியால் முதன்முதலில் ஆராய்ந்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த அந்தோனி வான் லீவன்ஹூக். 1683ஆம் ஆண்டு அவர் தம் பற்களிலிருந்து சுரண்டிய வெண்மையான பொருளில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் நீந்துவதைக் கண்டு, இலண்டன் அரச கழகத்திற்குக் கடிதம் எழுதினார். காடியைக் கொண்டு அவற்றைக் கொல்ல இயலுமா என்றும் சோதித்தார். படலத்தின் மேற்புறத்தில் இருந்தவை மடிந்தன. உள்ளே இருந்தவை மடியவில்லை. வாய் கொப்பளிக்கும் மருந்து மட்டும் போதும் என எண்ணுவோருக்கு அச்சோதனை இன்றும் பொருந்தும். பற்படலத்தைத் தேய்த்து அகற்றினால்தான் அது நீங்கும்.

அகற்றப்படாத பற்படலத்தில் எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்து படிகிறது. சில நாள்களிலேயே அது கெட்டிப்படத் தொடங்கிக் காரையாகிறது. காரை உருவாகிவிட்டால் பல் தூரிகையால் அதை எடுக்க முடியாது. சொரசொரப்பான அதன்மேல் மேலும் மேலும் கிருமிகள் படிகின்றன. கிருமிகள் வெளியிடும் நச்சுப்பொருள்களை எதிர்க்க உடல், ஈற்றுக்கு அதிக இரத்தத்தை அனுப்புகிறது. அதனால் ஈறு சிவந்து, வீங்கி, தொட்டாலே கசியும் நிலையை அடைகிறது. இது ஈறு அழற்சி எனப்படும் முதல் நிலை.

முதல் நிலையில் எலும்புக்குச் சேதம் இல்லை. ஆனால், அழற்சி நீடித்தால் சிலருக்கு அது ஈற்றைத் தாண்டி உள்ளே இறங்குகிறது. பல்லைப் பற்றியிருக்கும் இழைகள் அறுகின்றன. தாடை எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. பள்ளம் ஆழமாகிப் பையைப்போல் மாறுகிறது. அந்தப் பைக்குள் தூரிகையின் இழை எட்டுவதில்லை. கிருமிகளுக்கு அது பாதுகாப்பான இருப்பிடமாகிவிடுகிறது. இது பற்சூழ் அழற்சி எனப்படும் இரண்டாம் நிலை.

கிள்ளான் ஆற்றங்கரையில் நிற்கும் மரத்தை எண்ணிப் பாருங்கள். மரம் பசுமையாக இருக்கலாம். தண்டில் ஒரு பூச்சியும் இல்லாதிருக்கலாம். ஆனால், வேரைச் சுற்றியுள்ள மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டே போனால், ஒரு நாள் மரம் சாயும். சொத்தை என்பது மரத்தைத் துளைக்கும் பூச்சி போன்றது. ஈறு நோய் மண்ணை அரிக்கும் வெள்ளம் போன்றது. தீபகற்ப மலேசியாவின் பல பகுதிகளில் குழாய் நீரில் ஃபுளோரைடு கலக்கப்படுவது சொத்தையைக் குறைக்கப் பேருதவி செய்கிறது. எனினும், அது ஈற்றின் விளிம்பில் படியும் பற்படலத்தை அகற்றாது. அந்தப் பொறுப்பு நம் கையில்தான் உள்ளது.

உண்மையை உணர்த்திய இரண்டு ஆய்வுகள்

பற்படலம்தான் ஈறு அழற்சிக்குக் காரணம் என்பது ஒரு காலத்தில் ஐயத்திற்குரியதாகவே இருந்தது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் பணியாற்றிய ஹரால்ட் லோ என்னும் பல் மருத்துவ அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1965இல் வெளியிட்ட ஆய்வு அந்த ஐயத்தைப் போக்கியது. நலமான ஈறுகளைக் கொண்ட 12 பேர் அந்த ஆய்வில் பங்கேற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். அவர்கள் பல் துலக்குவதை முற்றிலும் நிறுத்தினர். 10 முதல் 21 நாள்களுக்குள் 12 பேருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் முறையாகத் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நலத்திற்குத் திரும்பின. முதல் நிலையில் நோயைத் தோற்றுவிப்பதும் போக்குவதும் அன்றாடப் பழக்கமே என்பதை இது தெளிவாக்கியது.

இரண்டாவது ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அதே அறிஞரின் குழு 1970இல் இலங்கையின் மலையகத்திற்குச் சென்றது. அங்குத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த 14 முதல் 31 வயதுவரையிலான 480 ஆண் தொழிலாளர்களின் பற்களையும் ஈறுகளையும் ஆராயத் தொடங்கியது. மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் பெரும்பாலும் தமிழர்கள். நம் நாட்டு இரப்பர் தோட்டங்களுக்கு வந்த முன்னோரைப் போலவே, அவர்களின் முன்னோரும் தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றவர்கள். ஆய்வில் இடம்பெற்ற தொழிலாளர்கள் பல் மருத்துவ வசதியை அறியாதவர்கள். தூரிகையும் பற்பசையும் கொண்டு பல் துலக்கும் பழக்கமும் அவர்களிடம் இல்லை.

15 ஆண்டுகள், அதாவது 1985வரை, அக்குழு அவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தது. ஏறக்குறைய அனைவரின் ஈறுகளிலும் அழற்சி இருந்தது. ஆயினும், நோய் எல்லாரையும் ஒரே வேகத்தில் தாக்கவில்லை. 11 விழுக்காட்டினருக்கு அழற்சி முதல் நிலையிலேயே நின்றுவிட்டது. 81 விழுக்காட்டினருக்கு அது மெதுவாக முன்னேறியது. இவர்கள் 45 வயதிற்குள் சராசரியாக 7 பற்களை இழந்தனர். எஞ்சிய 8 விழுக்காட்டினரிடம் நோய் மிக வேகமாகப் பரவியது. இவர்கள் 35 வயதிற்குள் சராசரியாக 12 பற்களையும் 40 வயதிற்குள் 20 பற்களையும் இழந்தனர். 45 வயதில் இவர்களின் வாயில் பற்களே எஞ்சவில்லை.

இங்கு ஒரு வியப்பும் உண்டு. அந்தத் தொழிலாளர்களின் பற்களில் சொத்தை ஏறக்குறைய இல்லவே இல்லை. துளை விழாத, வெண்மை குன்றிய, ஆனால் வலிமையான பற்கள்தாம் அடித்தளம் கரைந்து விழுந்தன. பல் கெட்டால்தான் பல் போகும் என்னும் எண்ணம் தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எந்த 8 விழுக்காட்டில் நாம் இருக்கிறோம் என்பதைப் பிறக்கும்போதே நாம் அறிவதில்லை. எனவேதான், எல்லாரும் காத்துக்கொள்வது அறிவுடைமையாகும்.

இன்று உலகப் பல் மருத்துவ நூல்கள் பலவற்றில் இடம்பெறும் இந்த அறிவு, கொழுந்து கூடைகளுக்கிடையே வாழ்ந்த ஏழைத் தொழிலாளர்களின் வாயிலிருந்து பெறப்பட்டது. ஷா ஆலம் நகரமும் ஒரு காலத்தில் தோட்டங்களாக இருந்த நிலத்தில் எழுந்ததே. 1978இல் சிலாங்கூரின் தலைநகராகிய அந்நகரில் இன்றும் சில தமிழ்ப்பள்ளிகள் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. தோட்டத்து முன்னோருக்குக் கிடைக்காத மருத்துவ வசதி நமக்குக் கூப்பிடு தொலைவில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது பொருந்துமா?

அறிகுறிகள்

ஈறு நோய் பெரும்பாலும் வலியின்றி வளர்கிறது. ஆகவே, வலிக்கும்வரை காத்திராமல் கீழ்க்காணும் அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்.

1. துலக்கும்போதோ கொய்யா, ஆப்பிள் போன்றவற்றைக் கடிக்கும்போதோ இரத்தம் கசிதல்.
2. ஈறு வழக்கத்தைவிடச் சிவந்து, தடித்து, பளபளப்பாகத் தோன்றுதல்.
3. துலக்கிய பின்னும் நீங்காத வாய் நாற்றம்.
4. ஈறு கீழிறங்கிப் பல் நீண்டதுபோல் தெரிதல். குளிர்ந்த நீர் பட்டால் கூச்சம்.
5. பற்களுக்கிடையே புதிய இடைவெளி தோன்றுதல்.
6. ஈற்றை அழுத்தினால் சீழ் வெளிப்படுதல்.
7. பல் ஆடுதல், கடிக்கும்போது பற்கள் முன்போல் பொருந்தாமல் போதல்.

முதல் மூன்றும் பெரும்பாலும் தொடக்க நிலையைக் காட்டுபவை. பிற்பகுதியில் உள்ளவை நோய் முற்றியதை உணர்த்தக்கூடியவை. பல் மருத்துவர், அளவுக்கோடுகள் பொறித்த மெல்லிய கருவியை ஈற்றின் ஓரத்தில் மெதுவாக நுழைத்துப் பள்ளத்தின் ஆழத்தை அளப்பார். ஆழம் 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அந்த இடத்தைக் கூர்ந்து ஆராய்வார். எலும்பின் நிலையை அறிய ஊடுகதிர்ப் படமும் எடுக்கப்படும்.

யாருக்கு எச்சரிக்கை மிகுதி?

பதின்ம வயதினருக்கு: பருவ வயதில் உடலில் ஏற்படும் சுரப்பி மாற்றங்களால் ஈறு, சிறிதளவு பற்படலத்திற்கும் மிகையாக வீங்கக்கூடும். கருவுற்ற தாய்மாருக்கும் இந்நிலை ஏற்படுவதுண்டு. துலக்கினால் இரத்தம் வருகிறதே என்று அஞ்சித் துலக்குவதை நிறுத்தினால், பற்படலம் பெருகிக் கசிவும் பெருகும். மென்மையான தூரிகையால் தொடர்ந்து துலக்குவதே தீர்வு.

பற்கம்பி அணிந்தோருக்கு: கம்பியைச் சுற்றி உணவுத் துகளும் பற்படலமும் எளிதில் தங்கும். அவர்கள் ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் தூய்மை செய்ய வேண்டும். அழகுக்காகத் தகுதியற்றோரிடம் மலிவான போலிக் கம்பி பொருத்திக்கொள்வது பேராபத்து. 2017இல் மலாக்காவில், பல் மருத்துவம் பயிலாமல் கம்பி பொருத்திய ஒருவருக்கு நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. பதிவு பெற்ற பல் மருத்துவரிடம் மட்டுமே இச்சிகிச்சையைப் பெற வேண்டும்.

புகைப்போருக்கு: புகையிலையிலுள்ள நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் ஈறு நோய் முற்றிய நிலையிலும் இரத்தம் குறைவாகவே கசியும். எச்சரிக்கை மணி அடிக்காத வீட்டில் தீ பரவுவது போன்றது இது. சிகிச்சைக்குப் பின் புண் ஆறுவதும் தாமதமாகும். மின்சிகரெட்டிலும் நிக்கோட்டின் இருக்கக்கூடும். நம் நாட்டில் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள சட்டம் 852, பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குச் சிகரெட்டையும் மின்சிகரெட்டையும் விற்பதைத் தடை செய்கிறது. வெற்றிலையுடன் புகையிலை சேர்த்து மெல்லும் பெரியவர்களின் ஈறும் பாதிப்படைகிறது. வாய்ப் புற்றுநோய்க்கும் அப்பழக்கம் வழிவகுக்கும்.

நீரிழிவு உள்ளோருக்கு: இரத்தத்தில் சர்க்கரை கட்டுப்பாடின்றி இருந்தால் ஈறு நோய் எளிதில் பற்றிக்கொள்ளும், விரைந்து முற்றும். மறுபுறம், ஈற்றிலுள்ள தீராத அழற்சி சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதையும் கடினமாக்குகிறது. ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார, நோய் ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது ஏறத்தாழ 31 விழுக்காடு. நம்மில் பலர் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ அப்பாவோ அம்மாவோ இன்சுலின் போட்டுக்கொள்வதைக் காண்கிறோம். அவர்களின் பாதங்களையும் கண்களையும் பரிசோதிக்கச் சொல்லும் நாம், ஈறுகளையும் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற நீரிழிவாளர்களின் சர்க்கரை அளவு ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன.

இவர்களைத் தவிர, வலிப்பு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான சில மருந்துகளை உட்கொள்வோருக்கும் ஈறு தடித்து வளரக்கூடும். அத்தகையோர் மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கலந்து பேச வேண்டும்.

தடுக்கும் வழிகள்

ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும் என்று நம் முன்னோர் கூறினர். குச்சியின் நுனியை மென்று நாராக்கித் தேய்த்தபோது பற்படலம் அகன்றது. அதுவே அப்பழக்கத்தின் பயன். இன்று நாம் பயன்படுத்தும் தூரிகை அதே வேலையை எளிதாகச் செய்கிறது. ஆனால், எப்படித் துலக்குகிறோம் என்பதே முக்கியம்.

1. மென்மையான இழைகளும் சிறிய தலையும் கொண்ட தூரிகையைத் தேர்ந்தெடுக்கவும். ஃபுளோரைடு கலந்த பற்பசையைப் பட்டாணி அளவு வைத்தால் போதும்.
2. தூரிகையைப் பல்லும் ஈறும் சேரும் இடத்தில் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் வைக்கவும். இழைகளின் நுனி ஈற்றை நோக்கி இருக்க வேண்டும்.
3. சிறு சிறு அசைவுகளால் மெதுவாகத் தேய்த்து, ஈற்றிலிருந்து பல்லின் முனையை நோக்கி வழித்துவிடவும். இரண்டு மூன்று பற்களாக முன்னேறவும்.
4. வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு என ஒன்றையும் விடாமல் துலக்கவும். கீழ் முன்பற்களின் உட்புறத்தில்தான் காரை அதிகம் படிகிறது, அவ்விடத்தை மறவாதீர்.
5. குறைந்தது இரண்டு நிமிடம் துலக்கவும். காலையிலும் இரவு படுக்கைக்குச் செல்லுமுன்பும் துலக்கவும். உறக்கத்தில் எச்சில் குறைவதால் இரவுத் துலக்கல் இன்றியமையாதது.
6. மூன்று மாதத்திற்கு ஒருமுறை, அல்லது இழைகள் விரிந்ததும், தூரிகையை மாற்றவும்.

அழுத்தித் தேய்த்தால் தூய்மை கூடும் என்பது தவறு. முரட்டுத்தனமான துலக்கலால் ஈறு தேய்ந்து கீழிறங்கும்.

தூரிகை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இரண்டு பற்களுக்கு இடைப்பட்ட இடத்தை அது எட்டுவதில்லை. ஈறு நோய் அந்த இடுக்குகளில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. நாளுக்கு ஒருமுறை பல்லிடை நூலையோ சிறு பல்லிடைத் தூரிகையையோ பயன்படுத்த வேண்டும். நூலை ஏறத்தாழ ஒரு முழம் நறுக்கி, இரு நடுவிரல்களிலும் சுற்றிக்கொண்டு, பல்லின் பக்கத்தை ஒட்டி வளைத்து மேலும் கீழும் தேய்க்கவும். ஈற்றை வெட்டுமாறு சடாரென்று இறக்கக் கூடாது. பல் குத்தும் குச்சி இதற்கு ஈடாகாது. அது ஈற்றைக் குத்திப் புண்ணாக்கலாம்.

உணவிலும் கவனம் தேவை. காய்கறி, பழம் ஆகியவற்றில் உள்ள உயிர்ச்சத்து சி ஈற்றுக்கு நலம் தரும். அடிக்கடி அருந்தும் இனிப்புப் பானங்களுக்குப் பதிலாகத் தண்ணீர் அருந்துவது பல்லுக்கும் உடலுக்கும் நல்லது.

சிகிச்சை முறை

ஈறு அழற்சியாயின், காரையை அகற்றி முறையாகத் துலக்கினால் முழுமையாகக் குணமாகும். பல் மருத்துவர், அதிர்வுக் கருவியாலும் கைக்கருவியாலும் காரையைப் பெயர்த்தெடுத்துப் பல்லின் பரப்பை மெருகிடுவார்.

பற்சூழ் அழற்சியாயின், சிகிச்சை இன்னும் ஆழமாகச் செல்ல வேண்டும். மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈற்றின் அடியில் வேரின்மேல் ஒட்டியுள்ள காரையையும் படலத்தையும் அகற்றுவார்கள். இதற்குச் சில அமர்வுகள் தேவைப்படலாம். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்துப் பையின் ஆழத்தை மீண்டும் அளப்பர். ஆழம் குறையாத இடங்களில் ஈற்றைத் திறந்து தூய்மைப்படுத்தும் சிறு அறுவை சிகிச்சை தேவைப்படக்கூடும். கரைந்த எலும்பு தானாகப் பழைய உயரத்திற்கு வளர்வதில்லை. ஆனால், மேலும் கரையாமல் நிறுத்த முடியும். அதனால்தான், சிகிச்சை முடிந்த பின்னும் மருத்துவர் குறிப்பிடும் கால இடைவெளியில் தொடர் கண்காணிப்புக்குச் செல்ல வேண்டும்.

நம் மக்களிடையே ஓர் அச்சம் நிலவுகிறது. “காரையை எடுத்தால் பல் ஆடிவிடும், பல்லுக்கிடையே சந்து விழும்” என்பர் சிலர். நடப்பது வேறு. எலும்பு கரைந்த இடத்தைக் காரை சுண்ணாம்பு பூசியதுபோல் அடைத்திருக்கிறது. அதை எடுத்தவுடன் மறைந்திருந்த இடைவெளி வெளியே தெரிகிறது. வீங்கியிருந்த ஈறு சுருங்குவதால் பல் நீண்டதுபோல் தோன்றுகிறது; சில நாள்களுக்குக் கூச்சமும் இருக்கலாம். பல்லைத் தளர்த்தியது நோயே, சிகிச்சையன்று. அஞ்சித் தள்ளிப்போட்டால் எஞ்சியுள்ள எலும்பும் கரையும்.

உப்புநீரால் கொப்பளிப்பது சற்று இதம் தரும். கிராம்பு வலியைத் தணிக்கும். ஆனால், இவை காரையைக் கரைக்கமாட்டா. கிருமிக்கொல்லி மாத்திரைகளும் காரையை அகற்றாமல் பயன் தருவதில்லை. மருத்துவர் ஆலோசனையின்றி அவற்றை உட்கொள்ளவும் கூடாது.

சிகிச்சைக்கு எங்கே செல்வது? பள்ளிகளுக்கு வரும் சுகாதார அமைச்சின் பல் சிகிச்சைக் குழுவினரை நீங்கள் அறிவீர்கள். இச்சேவையின் வேர் பழமையானது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் பல் தாதியருக்கான பயிற்சி 1949இலேயே பினாங்கில் தொடங்கியது. அக்குழுவினர் பெயரை அழைக்கும்போது ஒளிந்துகொள்ளாமல், “துலக்கும்போது இரத்தம் வருகிறது” என்று துணிந்து கூறுங்கள். பள்ளி மாணவர்களுக்கு அரசாங்கப் பல் சிகிச்சையகங்களில் அடிப்படைச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்வோருக்குப் பல்கலைக்கழகங்களின் உதவியும் உண்டு. 1972இல் தனிப் புலமாகிய மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் புலமும், ஷா ஆலமைத் தலைமையிடமாகக் கொண்ட மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சுங்கை பூலோ பல் மருத்துவப் புலமும் பொதுமக்களுக்குச் சிகிச்சை அளிக்கின்றன.

மாணவர்களே, முதுமை வந்தால் பல் விழும் என்று நெடுங்காலம் நம்பிவந்தோம். பல்லைப் பறிப்பது முதுமையன்று, கவனிக்கப்படாத நோயே. உங்கள் வயதில் ஈற்றில் தோன்றும் அழற்சி, ஒரு வாரத் துலக்கலால் தணியக்கூடிய ஒன்று. அதே அழற்சி இருபது ஆண்டு கழித்துத் தணிந்தாலும், இழந்த எலும்பு திரும்பாது. இன்றிரவு துலக்கி முடித்ததும் கண்ணாடியின்முன் உதட்டை விலக்கி உங்கள் ஈறுகளைப் பாருங்கள். பிறகு, வீட்டிலுள்ள மூத்தோரிடமும் கடைசியாகப் பல் மருத்துவரைக் கண்டது எப்போது என்று கேளுங்கள்.

சொற்பொருள்

அழற்சி – கிருமி அல்லது காயத்தால் உடலுறுப்பு சிவந்து வீங்குதல்
காடி – புளித்த நீர்மம், வினிகர்
காரை – பல்லின்மேல் கெட்டிப்பட்டுப் படிந்த பற்படலம்
பற்சூழ் – பல்லைச் சூழ்ந்துள்ள
பாகை – கோணத்தை அளக்கும் அலகு
மலையகம் – இலங்கையின் நடுவிலுள்ள மலைப்பகுதி

கருத்துணர் கேள்விகள்

1. நலமான ஈற்றின் தன்மைகள் மூன்றனைக் குறிப்பிடுக.
2. ஈறு அழற்சிக்கும் பற்சூழ் அழற்சிக்கும் உள்ள வேறுபாடுகளை விளக்குக.
3. ‘ஆற்றங்கரை மரம்’ என்னும் உவமை எக்கருத்தை விளக்கப் பயன்படுத்தப்பட்டுள்ளது?
4. புகைப்போருக்கு ஈறு நோய் இருப்பதை அறிவது ஏன் கடினம்?
5. காரையை எடுத்தால் பல் ஆடும் என்று அஞ்சும் உன் பாட்டிக்கு நீ எவ்வாறு விளக்கம் அளிப்பாய்?
6. இலங்கைத் தொழிலாளர்களிடையே நோயின் போக்கு 15 ஆண்டுகள் ஆராயப்பட்டது. ஓர் ஆய்வில் பங்கேற்கும் மக்களுக்கு ஆய்வாளர்கள் செய்ய வேண்டிய கடமைகள் யாவை? குழுவில் கலந்துரையாடி உங்கள் கருத்துகளைக் காரணத்துடன் எழுதுக.

நடவடிக்கை

உங்கள் குடும்ப உறுப்பினர்கள் ஐவரிடம் நேர்காணல் நடத்துக. நாளுக்கு எத்தனை முறை துலக்குகின்றனர், பல்லிடை நூல் பயன்படுத்துகின்றனரா, இரத்தக் கசிவு உண்டா ஆகியவற்றை அட்டவணையில் குறித்துக்கொள்க. கிடைத்த தகவல்களைக் கொண்டு 120 சொற்களில் ஓர் அறிக்கை எழுதுக.